மின்சாரக் காரைக் கொன்றது யார்? பட்டியலில் விட்டுப்போன ஒரு பெயர்

கிறிஸ் பெய்ன் இயக்கிய 'ஹூ கில்டு தி எலக்ட்ரிக் கார்?' 2006-ல் வந்த ஆவணப்படம். முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கோபம் தாங்கவில்லை. அதற்கப்புறம் எலக்ட்ரிக் கார் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் "அதை அப்பவே கொன்னுட்டாங்க சார், எண்ணெய்க் கம்பெனிக்காரங்க" என்று ஆரம்பித்துவிடுவேன். சமீபத்தில் மறுபடி பார்த்தேன். இவ்வளவு நாள் நான் அரைகுறையாகத்தான் பேசியிருக்கிறேன் என்று பட்டது. அதைக் கொஞ்சம் விளக்கமாக எழுதிப் பார்க்கிறேன்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். 1990-ல் கலிஃபோர்னியாவின் காற்று வள வாரியம் ஒரு விதி போட்டது. பெரிய கார் கம்பெனிகள் அங்கே விற்கும் கார்களில் 1998-க்குள் 2 சதவீதம், 2003-க்குள் 10 சதவீதம் புகையே விடாத கார்களாக இருக்க வேண்டும். 1996 கடைசியில் ஜெனரல் மோட்டார்ஸ் 'இவி1' என்ற காரைக் கொண்டுவந்தது. இரண்டே சீட்டு. மொத்தம் தயாரானவை 1,117. விலைக்குக் கிடையாது, குத்தகைக்கு மட்டும்தான். ஒரு பக்கம் கார் ஓட, இன்னொரு பக்கம் கம்பெனிகள் விதியை எதிர்த்து வழக்குப் போட்டன. 2003-ல் வாரியம் விதியைத் தளர்த்தியது. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டு, பெரும்பாலானவற்றை நசுக்கிப் போட்டது. ஓட்டியவர்கள் அந்தக் காருக்குச் சவ அடக்கச் சடங்கே நடத்தினார்கள். கடைசியாக மிஞ்சிய 78 கார்களுக்கு 19 லட்சம் டாலர் தருகிறோம் என்று கேட்டுப் பார்த்தார்கள். கம்பெனி அசையவில்லை.

இதைப் படம் ஒரு கொலை வழக்கு மாதிரி நடத்துகிறது. சந்தேக நபர்கள் ஏழு: வாடிக்கையாளர், பேட்டரி, எண்ணெய்க் கம்பெனி, கார் கம்பெனி, மத்திய அரசு, காற்று வள வாரியம், ஹைட்ரஜன் எரிகலம். கடைசியில் தீர்ப்பு: பேட்டரிக்கு விடுதலை, மற்ற ஆறும் குற்றவாளி.

பார்க்க ரொம்ப விறுவிறுப்பு. நசுக்கிய கார்கள் அடுக்கடுக்காகக் கிடக்கும் காட்சியை மறக்கவே முடியாது. ஆனால் பட்டியலை இன்னொரு தடவை படியுங்கள். பெட்ரோல் விலை எங்கே?

ஒரு சின்னக் கணக்கு போடலாம். 1998-ல் அமெரிக்காவில் ஒரு கேலன் பெட்ரோல் ஒரு டாலர் சொச்சம். கேலன் என்பது கிட்டத்தட்ட 3.8 லிட்டர். வருஷத்துக்கு 12,000 மைல் ஓட்டுகிறவர், கேலனுக்கு 25 மைல் கொடுக்கும் கார் வைத்திருந்தால் அவருக்கு 480 கேலன் வேண்டும். சுமார் 500 டாலர். அதே தூரத்தை மின்சாரத்தில் ஓட்டினால்? மைலுக்கு 0.3 யூனிட், யூனிட்டுக்கு 10 சென்ட் என்று வைத்துக்கொண்டால் 360 டாலர். மிச்சம் 140. மாதத்துக்கு 12 டாலர்கூட இல்லை! இதற்காக, சுமார் 34,000 டாலர் விலை போட்டுக் குத்தகை கணக்கிட்ட ஒரு இரண்டு சீட்டு வண்டியை, பிள்ளைகுட்டி உள்ள ஒரு நடுத்தரக் குடும்பம் எடுக்குமா?

இப்போ 2008 கோடைக்கு வாங்க. பெட்ரோல் 4 டாலரைத் தாண்டிவிட்டது. அதே 480 கேலனுக்கு 1,920 டாலர். மின்கட்டணம் 14 சென்ட் ஆகிவிட்டது என்று வைத்தாலும் மின்சாரச் செலவு 504 டாலர்தான். மிச்சம் 1,400-க்கு மேல். காரும் அதே, தூரமும் அதே. மிச்சம் மட்டும் பத்து மடங்கு.

ஒரு கார் "மக்களுக்கு வேண்டாத கார்" ஆவதும் "எல்லோரும் கேட்கிற கார்" ஆவதும் இந்த ஒரு எண்ணில்தான் பெரும்பாலும் இருக்கிறது என்று நினைக்கிறேன். படம் வந்து இரண்டே வருஷத்தில் அதற்குச் சாட்சியும் கிடைத்தது. 2008 ஜூன் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் பெரிய வண்டிகள் தயாரிக்கும் நான்கு ஆலைகளை மூடுவதாகச் சொன்னது. ஹம்மரை வைத்துக்கொள்வதா விற்பதா என்று யோசிப்பதாகச் சொன்னது. கூடவே, வோல்ட் என்ற பிளக் மாட்டி சார்ஜ் போடும் காருக்கு அனுமதியும் கொடுத்தது. இவி1-ஐ நசுக்கிய அதே கம்பெனி! நடுவில் அதற்கு மனசாட்சி முளைத்துவிட்டதா என்ன? பெட்ரோல் விலை ஏறியது, அவ்வளவுதான்.

படத்தின் ஆகச் சிறந்த தகவல் ஹம்மர் பற்றியதுதான். 2003 வரிச் சட்டத்தில் 6,000 பவுண்டுக்கு மேல் எடையுள்ள வண்டியைத் தொழிலுக்கென்று வாங்கினால் 1 லட்சம் டாலர் வரை செலவுக் கழிவு காட்டலாம். மின்சாரக் காருக்கு வரிச் சலுகை அதிகபட்சம் 4,000 டாலர். (கழிவு வேறு, சலுகை வேறு. நேருக்கு நேர் ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் இடைவெளி கண்ணை உறுத்துகிறது.) யார் எந்த வண்டி வாங்குவது என்பதை அரசு பேனாவாலேயே தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. படம் இதைக் கையில் எடுத்துவிட்டு, உடனே அடுத்த வில்லனைத் தேடிப் போய்விடுகிறது. அமெரிக்க மத்திய அரசின் பெட்ரோல் வரி 1993-லிருந்து கேலனுக்கு 18.4 சென்டிலேயே நிற்கிறதே, அதையும் கூண்டில் ஏற்றியிருக்க வேண்டாமா?

ஏன் ஏற்றவில்லை? ஒரு காரணம் எனக்குத் தோன்றுகிறது. காருக்காக உருகுகிறவர்களில் மெல் கிப்சன் இருக்கிறார், டாம் ஹாங்க்ஸ் வந்துபோகிறார். அவர்கள் உண்மையாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் பெட்ரோல் பங்க்கில் பர்ஸைப் பார்த்துவிட்டு "பாதி டேங்க் போடுங்க" என்று சொல்கிறவர் யாரும் மனதில் பதிகிற அளவுக்குப் படத்தில் இல்லை. அதனால் வாடிக்கையாளரைக் "குற்றவாளி" என்று சொல்வது படத்துக்குச் சுலபமாகிவிடுகிறது. மாதம் 12 டாலருக்காக மாறாதவரைக் குற்றவாளி என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பேட்டரியின் விடுதலையும் தாராளம்தான். முதல் தலைமுறை இவி1-ல் இருந்தது ஈய-அமில பேட்டரி, எடை 500 கிலோவுக்கு மேல். அப்புறம் வந்த நிக்கல் பேட்டரி நன்றாகவே ஓடியது, உண்மை. ஆனால் லித்தியம் பேட்டரியே 2010 வாக்கில் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 1,000 டாலருக்கு மேல் விற்றது. 2024-ல் சராசரி 115 டாலர். இந்த இறக்கம் இல்லாமல் இன்றைய மின்சாரக் கார் சந்தை இல்லை.

"அப்போ யாருமே கொல்லவில்லையா?" என்று கேட்கலாம். அப்படிச் சொல்ல வரவில்லை. கம்பெனிகள் வழக்குப் போட்டதும், பணத்தோடு வந்தவர்களுக்குக் கொடுக்காமல் நல்ல கார்களை நசுக்கியதும் நடந்தவை. ஆனால் வில்லன்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். எல்லா நாட்டிலும் ஒரே முடிவு வரவில்லையே!

கலிஃபோர்னியாவில் ஃபோர்டும் 'திங்க்' என்ற சின்ன மின்சாரக் காரைக் குத்தகைக்கு விட்டிருந்தது. அதையும் திரும்ப வாங்கி நொறுக்கத்தான் பார்த்தது. போராட்டம் வந்தது. கடைசியில் 2004-ல், அந்தக் கார்களை அவை பிறந்த நார்வேக்கே அனுப்பச் சம்மதித்தது. ஒரு ஊரில் குப்பை, இன்னொரு ஊரில் ஆள் காத்திருக்கிறது.

நார்வேக்காரர்கள் நம்மைவிட நல்லவர்கள் என்பதாலா? அவர்களே எண்ணெய் விற்கிற நாடு. ஆனால் அங்கே பெட்ரோலுக்கு வரி கடுமை, பெட்ரோல் கார் வாங்கவும் வரி கடுமை. மின்சாரக் காருக்கு 1990-லேயே வாங்கும் வரியில் விலக்கு, 1997-ல் சுங்கச்சாவடியில் விலக்கு, 2001-ல் மதிப்புக்கூட்டு வரியில் விலக்கு. கணக்கு மாறியது, கார் மாறியது. 2024-ல் அங்கே விற்ற புதுக் கார்களில் கிட்டத்தட்ட 89 சதவீதம் முழு மின்சாரம். இதிலும் கோளாறு உண்டு. சலுகையில் பெரும்பங்கு வசதியானவர்களுக்குப் போனது என்ற விமர்சனம் சரியானதே. 2023-லிருந்து 5 லட்சம் குரோனருக்கு மேலான தொகைக்கு மதிப்புக்கூட்டு வரி உண்டு என்று மாற்றினார்கள்.

படத்தைப் பார்க்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். கட்டாயம் பாருங்கள், கோபப்படுங்கள். ஆனால் முடிந்ததும் ஒரு தாளை எடுத்து உங்கள் வீட்டு வண்டிக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: மாதம் எத்தனை கிலோமீட்டர், பெட்ரோல் எவ்வளவு, கரண்ட் எவ்வளவு. அதில் எந்தெந்த எண் சந்தை போட்டது, எந்தெந்த எண் அரசு போட்டது என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அரசு போட்ட எண்ணை நாம் கேள்வி கேட்க முடியும். இத்தனை வருஷம் "கொன்னுட்டாங்க சார்" என்று புலம்பிய நான் செய்யாமல் விட்டது அதைத்தான்.