காய்ச்சலோடு வந்த பிள்ளைக்குக் கேடயம்

ஆண்டு விழாக் காலம். போன மாதம் ஒரு பள்ளியில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். குழு நடனங்கள் ஓய்ந்து பரிசளிப்பு தொடங்கியது. ‘நூறு சதவீத வருகை’க்குக் கேடயம் வாங்க ஒரு சிறுமி மேடையேறியபோது ஆசிரியை மைக்கில் பெருமையாகச் சொன்னார், 102 டிகிரி காய்ச்சலிலும் ஒரு நாள்கூட லீவு போடாதவளாம். பந்தலே கைதட்டியது. அந்தக் காய்ச்சல் வகுப்பில் எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை. விழா முடிந்ததும் தாளாளரிடம் கேட்டேன். “பொறுப்பு வரணும் சார். நாளைக்கு வேலைக்குப் போற இடத்துல தும்மலுக்கெல்லாம் லீவு தருவானா?” என்றார். இந்தப் பதிலை 30 ஆண்டுகளாக வெவ்வேறு வாய்களில் கேட்டுவருகிறேன்.

தொற்றைத் தடுக்க நம் பள்ளிகள் ஒன்றுமே செய்வதில்லை என்று சொல்லமாட்டேன். கொரோனா வந்துபோன பிறகு கை கழுவுவது பல பள்ளிகளில் பழக்கமாகியிருக்கிறது. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு மாத்திரை கொடுக்கிறார்கள். 2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி போடத் தொடங்கியபோது, வாட்ஸ்அப் வதந்திகளோடு மல்லுக்கட்டிப் பெற்றோரைச் சம்மதிக்கவைத்தவர்கள் ஆசிரியர்கள்தான். அந்த உழைப்புக்கு ஒரு கும்பிடு. இவ்வளவையும் செய்துவிட்டு, காய்ச்சல் அடிக்கும் பிள்ளையை வகுப்புக்கு வரவழைக்கப் பரிசும் வைப்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறோம்.

வருகைப் பதிவேட்டுக்கு இங்கே கௌரவமான வரலாறு உண்டு. காமராசர் காலத்து மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு, 2022-இல் வந்த காலை உணவு எல்லாம், மாடு மேய்க்கவும் தீப்பெட்டி ஒட்டவும் போன பிள்ளைகளையும் வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைகளையும் வகுப்பில் உட்காரவைக்க நடந்த முயற்சிகள். ஆனால் வராத பிள்ளையை வரவைப்பது ஒரு வேலை. தினமும் வருகிற பிள்ளையை நோயிலும் வரச்சொல்வது வேறு வேலை. கேடயம் செய்வது இரண்டாவதை.

நோய்களின் நாள்கணக்கைப் பாருங்கள். ஃப்ளூ காய்ச்சல், அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரவத் தொடங்கி, படுத்த முதல் மூன்று நான்கு நாள்களில் உச்சத்தில் இருக்கும். பொன்னுக்கு வீங்கி வந்தால், கன்னம் வீங்கியதிலிருந்து 5 நாள் பிள்ளையை வீட்டில் வைக்க வேண்டும். சின்னம்மைக்குக் கடைசிக் கொப்புளமும் பொருக்குத் தட்டவேண்டும். வாந்தி பேதி நின்றபிறகும் 48 மணி நேரம் பொறுக்கச் சொல்கிறார்கள். நான்கு நோய், நான்கு கணக்கு. கேடயம் கேட்பதோ பூஜ்யம் நாள். “அறிகுறிக்கு முன்பே பரவிவிடுகிறதே, அப்புறம் வீட்டில் வைத்து என்ன பயன்?” என்று கேட்கிறவர்கள் உண்டு. ராத்திரி முழுக்கக் குழாய் ஒழுகியது தெரிந்தால் காலையிலாவது போய் மூடமாட்டோமா?

நோயோடு பள்ளிக்கு அனுப்பும் வழக்கத்துக்கு ஒரே ஒரு விதிவிலக்கு அம்மை. வாசலில் வேப்பிலை செருகிய வீட்டுக்குள் அண்டை அயலார் நுழைவதில்லை. பொருக்கு உதிர்ந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை பிள்ளை வெளியே வருவதில்லை. மருத்துவர் சொல்லும் கணக்கைவிட இது சில நாள் கூடத்தான். “அம்மைக்கு எதுக்கு லீவு?” என்று கேட்ட தலைமையாசிரியரை நான் இதுவரை பார்த்ததில்லை. மாரியம்மனுக்கு இருக்கும் செல்வாக்கு இன்ஃபுளுயன்சாவுக்கு இல்லை, அவ்வளவுதான்.

மற்றக் காய்ச்சலுக்கெல்லாம் வீட்டில் இருக்கவே இருக்கிறது பாராசிட்டமால் சிரப். காலை 7 மணிக்கு ஒரு மூடி. கேட்டில் நெற்றிக்கு நேரே கருவியை நீட்டினாலும் அந்த நேரத்தில் ஒன்றும் காட்டாது. மருந்தின் வேகம் நான்கிலிருந்து ஆறு மணி நேரம். பதினொரு மணி இன்டர்வெல் மணி அடிக்கும்போது பிள்ளை பெஞ்சில் தலை சாய்த்திருக்கும். இந்தப் பதினொரு மணிக் காய்ச்சலைத் தெரியாத வகுப்பாசிரியை கிடையாது. அதற்குள் ஒரு பிரேயரும் மூன்று பீரியடும் முடிந்திருக்கும். பக்கத்துப் பிள்ளையின் தண்ணீர் பாட்டிலும் இரண்டு மூன்று கை மாறியிருக்கும்.

இந்தப் பரிசு வருகையையாவது கூட்டுகிறதா? கலிபோர்னியாவில் 14 பள்ளி மாவட்டங்களில், 15,000-க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. கார்லி ராபின்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும் செய்தது. முன்கூட்டியே அறிவித்த பரிசால் வருகை கூடவில்லை. முடிந்துபோன மாதத்தின் முழு வருகைக்காக எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்களோ அடுத்த மாதம் இன்னும் குறைவாக வந்தார்கள். அங்கே நடந்தது இங்கேயும் அப்படியே நடக்கும் என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் கேடயத்தைத் தாங்கிப்பிடிக்கிறவர்கள் தங்கள் பக்கத்துக்கு ஒரு கணக்காவது காட்டவேண்டுமல்லவா? “எங்க காலத்துல” என்று தொடங்கும் வாக்கியங்களைத் தவிர அவர்களிடம் நான் வேறொன்றும் கேட்டதில்லை.

ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டே பள்ளிக்கு வரும் பிள்ளைகள் உண்டு. எதிர்ப்புச் சக்தி குறைந்த அந்த உடம்பில் ஃப்ளூ உயிரையே எடுக்கலாம். மாதாமாதம் மருத்துவமனைக்குப் போகவேண்டியிருப்பதால் நூறு சதவீதக் கேடயம் அந்தப் பிள்ளைக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. பக்கத்துப் பிள்ளையின் கேடய ஆசைக்கு விலை கொடுப்பதும் அதே பிள்ளைதான். கர்ப்பமாக இருக்கும் ஆசிரியைக்கும் ஃப்ளூ லேசான நோயில்லை. மேடையில் கேடயம் கொடுக்கும்போது இவர்களை யாரும் நினைப்பதாகத் தெரியவில்லை.

என்னை எல்லாவற்றையும்விட உறுத்துவது பதிவேடுதான். ஒரு பள்ளியில் இருக்கும் நோய் மானிகளில் அதைவிடச் சிறந்தது எதுவுமில்லை. ஆறாம் வகுப்பு ‘பி’ பிரிவில் திங்கள் இரண்டு பேர், செவ்வாய் நான்கு பேர், புதன் ஏழு பேர் வரவில்லை என்றால், எந்த ஆய்வகமும் சொல்வதற்கு முன்பே அது விஷயத்தைச் சொல்லிவிடும். அதற்கு இரண்டு நிபந்தனைகள்தான். வராத பிள்ளை ஏன் வரவில்லை என்று எழுதவேண்டும். நோயாளிப் பிள்ளை உண்மையிலேயே வராமல் இருக்கவேண்டும். இப்போது கல்யாணத்துக்குப் போனவனுக்கும் காய்ச்சலில் படுத்தவனுக்கும் ஒரே சிவப்பு மை. காய்ச்சலோடு வந்தவளுக்கு ஆரோக்கியமாக இருந்தவளுக்குப் போடும் அதே குறி. கேடயம் பதிவேட்டைப் பொய் சொல்லப் பழக்கிவிட்டது. பிறகு ஒருநாள் வகுப்பில் பாதிப்பேர் படுத்தவுடன் “திடீர்க் காய்ச்சல்” என்று பள்ளிக்கு விடுமுறை விடுகிறோம். அது திடீரென்று வந்ததா, பத்து நாளாக மேசைக்கு மேசை நடந்து வந்ததா என்று சொல்லவேண்டிய புத்தகத்தில் ஒன்றும் இருக்காது.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அன்றையக் கூலியை இழக்கவேண்டிய தாய்க்கு என்ன பதில் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வீட்டில் நிறுத்தினால் பிள்ளைக்கும் காலைச் சோறும் மதியச் சோறும் போகும். கேடயத்தை ஒழித்தால் இது தீராது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் பார்த்த மேடையில் ஏறிய பிள்ளைகளை அழைத்துப்போக வெளியே வரிசையாகக் கார்கள் நின்றன. (இப்படிச் சொல்வது கொஞ்சம் அநியாயம்தான். சொல்லியாகிவிட்டது.)

எனக்கும் இந்தப் பரிசு கிடைத்திருக்கிறது. ஆறாம் வகுப்பில் பொன்னுக்கு வீங்கி வந்து இடது கன்னம் பன் போல உப்பியது. அம்மா தன் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டு, மேலே மஃப்ளரைச் சுற்றி, “வாத்தியார் கேட்டா பல்வலின்னு சொல்லு” என்று அனுப்பிவைத்தாள். ஒரு வாரம் வகுப்பே அந்தச் சங்கிலியைத்தான் பார்த்தது. மூன்றாவது வாரம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு இரண்டு கன்னமும் வீங்கியது. அவன் அரையாண்டுத் தேர்வில் கணக்கும் அறிவியலும் எழுதவில்லை. ஆண்டு விழாவில் என் பெயரைக் கூப்பிட்டு மேடையேற்றிக் கையில் கொடுத்தார்கள். பச்சை நிறப் பிளாஸ்டிக் சோப்பு டப்பா.