பாதத்திலிருந்து பார்க்க

தூத்துக்குடியில் 2022 ஜூலையிலும் மறுவருஷம் ஏப்ரல் கடைசியிலும் நடந்த ‘நெய்தல்’ கலைவிழாவில் யாரும் யாருக்கும் ரசிக்கக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. கரகமோ ஒயிலோ பறையோ, எந்த இடத்தில் அடி மாறும், எங்கே விசிலடிக்க வேண்டும் என்பது கூட்டத்துக்கே தெரியும். அப்படியொரு கோடை மேடையில் சமகால நடனக் குழு ஒன்று ஏறி ஆடினால் பத்தாவது நிமிடத்தில் பக்கத்து நாற்காலியிலிருந்து கேள்வி வரும்: “இவங்க என்ன சொல்ல வாராவ, அண்ணாச்சி?”

கேட்பவர் மேல் தப்பில்லை. கை அசைந்தால் அதற்குப் பொருள் உண்டு, முகம் மாறினால் கதை நகர்கிறது என்று பரதமும் சினிமாவும் நம்மைப் பழக்கிவிட்டன. அந்தப் பழக்கத்தை முதலில் உடைத்தவர்களில் ஒருவர் சென்னையில்தான் இருந்தார். காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பரதம் பயின்று, பேர் வாங்கி, பிறகு மேடையே வேண்டாமென்று விலகிப் போன சந்திரலேகா, 1985-இல் ‘அங்கிகா’வோடு திரும்பி வந்தார். நகை இல்லை, நாயகனுக்காக ஏங்கும் நாயகி இல்லை, சாமி இல்லை. அடவுக்குப் பக்கத்தில் களரி என்ற கேரளச் சண்டைக்கலையும் யோகமும் நின்றன. உடம்பு எதையும் நடித்துக் காட்ட வேண்டாம், உடம்பாக இருந்தாலே பார்க்க நிறைய உண்டு என்பது அவர் கட்சி.

அப்படியானால் எதைப் பார்ப்பது? பாதத்தில் தொடங்குங்கள். நம் கண் தானாக முகத்துக்குப் போகும், கீழே இறக்குங்கள். தரையில் முதலில் படுவது குதிகாலா, விரலா? சத்தம் வருகிறதா, அமுங்குகிறதா? ஜெர்மனியின் பீனா பௌஷ் 1975-இல் ஸ்ட்ராவின்ஸ்கியின் இசைக்கு ஒரு படைப்பைச் செய்தபோது மேடை முழுக்க மண்ணைக் கொட்டிப் பரப்பினார். ஆடுபவர்களின் கால் புதையும், வழுக்கும். உடையிலும் முகத்திலும் மண் அப்பும். அரை மணி நேரத்துக்குப் பிறகு அவர்கள் களைப்பை நடிக்க வேண்டியதில்லை. விம் வெண்டர்ஸின் ‘பீனா’ (2011) படத்தில் இதன் பகுதிகள் வருகின்றன. மேடையில் நேரே பார்க்க வழியில்லாதவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

அடுத்தது எடை. இதைப் பழக நமக்கு வேறெங்கும் போக வேண்டாம். குலசேகரன்பட்டினம் தசராவுக்குக் காளி வேஷம் கட்டியவரைச் சந்நிதியில் பார்ப்பதைவிட, காணிக்கை வாங்கிக்கொண்டு கடைத்தெருவில் நடந்து வரும்போது பாருங்கள். தலையில் பெரிய கிரீடம், முதுகில் கட்டிய பலகைக் கைகள். கழுத்து இஷ்டத்துக்குத் திரும்பாது. அதனால் ஒரு கடையைப் பார்க்க வேண்டுமென்றாலும் இடுப்பிலிருந்து மொத்த உடம்பும் திரும்பும். நடை தானாக மெதுவாகும், கால் அகலும். ஆள் மாறிவிட்டதாக நமக்குத் தோன்றுவதில் பாதி வேலையை அந்தப் பாரம் செய்கிறது. மீதிப் பாதி விரதமும் அம்மனும். அதற்குள் நான் போகவில்லை.

இதே கண்ணோடு சமகால மேடையைப் பாருங்கள். ஒருவர் இன்னொருவர் மேல் சாய்கிறார். முழு எடையையும் கொடுத்துவிட்டாரா, கொடுப்பதுபோல் காட்டுகிறாரா? தாங்குபவரின் முழங்கால் சொல்லிவிடும். 1972-இல் அமெரிக்காவின் ஸ்டீவ் பாக்ஸ்டன் இந்தக் கொடுக்கல் வாங்கலையே தனி ஆட்டமுறையாக ஆக்கினார். இன்றைக்கு உலகமெங்கும் சமகால நடனப் பயிற்சிகளில் அது இருக்கிறது.

மூன்றாவது மூச்சு. அதைக் காதால்தான் பிடிக்க வேண்டும். முத்துக்குளித்துறையில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்து முடிந்தது. சங்கு குளிப்பு இன்னும் உண்டு. தூத்துக்குடி திரேஸ்புரத்தில் சங்கு குளித்தவர் யாரையாவது தெரிந்தால், இறங்கும் முன் மூச்சை எப்படி எடுப்பார் என்று கேட்டுவிட்டு நடனம் பார்க்கப் போங்கள். சந்திரலேகாவின் கடைசிப் படைப்பு ‘சரீரா’ (2001). கவிஞர் டிஷானி தோஷியும் களரிக்காரர் ஷாஜி ஜானும் அதைப் பல ஆண்டுகள் ஆடினார்கள். குண்டேச்சா சகோதரர்களின் துருபத் பாட்டு நிதானமாக ஏற, ஒரு கால் தரையை விட்டு எழும்பவே அவ்வளவு நேரம் ஆகும். பொறுமை போய்விடும். போகட்டும். முதல் கால்மணி நேரம் கடந்தால் நம் மூச்சும் கொஞ்சம் இறங்கி வரும். அதன் பிறகு ஒரு விரல் அசைந்தாலும் பெரிய சம்பவமாகத் தெரியும். கைபேசியை எடுத்தவருக்கு இது கிடைக்காது.

திறந்தவெளி என்றால் எங்கே நிற்பது என்பதும் ரசனையில் சேர்த்தி. சென்னையில் பிறந்து லண்டனில் குழு நடத்தும் ஷோபனா ஜெயசிங், 2010 கோடையில் அந்நகரத்து சாமர்செட் ஹவுஸ் முற்றத்தில் ‘கவுண்டர்பாயிண்ட்’ என்ற படைப்பைச் செய்தார். ஒரு காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை அலுவலகம் இருந்த கட்டடம் அது. முற்றத்துத் தரையிலிருந்து 55 நீரூற்றுகள் பீறிடும். நடுவே பெண்கள் ஆடினார்கள். தண்ணீர் எழும்பும்போது ஆள் மறையும், அடங்கும்போது தெரியும். இந்த மாதிரி நிகழ்ச்சிக்கு முன்வரிசை நாற்காலி வீண். ஓரமாக நில்லுங்கள், இடம் மாறுங்கள், கட்டடத்தையும் சேர்த்துப் பாருங்கள். நம் பழைய துறைமுகப் பக்கமோ ஓர் உப்பளக் கரையிலோ இப்படி ஒன்றை யாராவது செய்ய வேண்டுமென்பது என் ஆசை. வெயில் தாழ்ந்து ஆறு மணிக்கு மேல்தான் முடியும். வெறுங்காலோடு ஆடுபவர்களுக்குத் தரை ஆற வேண்டுமே.

எல்லா சமகால நடனமும் நல்ல நடனமில்லை. புகையும் நீல வெளிச்சமும் ஓயாமல் வேலை செய்தால் உடம்பில் சரக்குக் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம். தரையில் உருள்வதெல்லாம் ஆழமும் இல்லை. வாசலில் தரும் தாளில் ‘உடலரசியல்’, ‘வெளி’ என்றெல்லாம் நீளமாக எழுதியிருந்தால் மடித்துப் பையில் வையுங்கள். பார்த்து முடித்த பிறகு படித்தால் போதும்.

முத்துநகர் எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னை போனால் வெளிநாட்டுப் பண்பாட்டு மையங்கள் வழியாக இத்தகைய நிகழ்ச்சிகள் அவ்வப்போது கிடைக்கும். சந்திரலேகாவிடம் ஆடிப் பழகிய பத்மினி செட்டூரின் பெயரைச் சுவரொட்டியில் கண்டால் யோசிக்காமல் போங்கள். புதுச்சேரிப் பக்கம் ஆதிசக்தி வளாகத்தில் வீணாபாணி சாவ்லா நினைவாக ஏப்ரலில் விழா நடப்பதுண்டு. நாடகமும் நடனமும் கலந்திருக்கும்.

முடிந்ததும் பெரும்பாலும் கலைஞர்களோடு உரையாடல் வைப்பார்கள். எழுந்து, “இதுக்கு என்னங்க அர்த்தம்?” என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். “அந்தச் சாய்கிற இடத்தில் எத்தனை எண்ணினீர்கள்? தாளமே இல்லையே, இரண்டு பேரும் எப்படி ஒரே நேரத்தில் திரும்பினீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். பல சமயம் ஒலிவாங்கியைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து செய்தே காட்டுவார்கள்.