அட்டை சொல்வதும் அட்டி சொல்வதும்

கிடங்கைச் சீர்படுத்த வேண்டும் என்ற பேச்சு எழுந்தால் முதலில் வரும் யோசனை, எல்லாவற்றுக்கும் பெயரெழுதி ஒட்டுங்கள் என்பதுதான். செலவு குறைவு, பலன் உடனடி. திருச்சியில் இதை எளிதில் மறுத்துவிட முடியாது. டெல்டாவின் நெல்லும் அரிசியும் கிடங்குகளுக்குள் போய்வரும் ஊர் இது. காந்தி மார்க்கெட் மண்டிகளில் விடிவதற்குள் லாரி லாரியாகச் சரக்கு இறங்கும் ஊர். ஆனால் அட்டையும் பலகையும் எந்த வேலையைச் செய்கின்றன, எந்த இடத்தில் கைவிட்டுவிடுகின்றன என்று பிரித்துப் பார்க்காமல் அவற்றை மாட்டிக்கொண்டே போவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஸ்ரீரங்கம் கோயிலின் கொட்டாரத்தில் உயரமான வட்டச் செங்கல் களஞ்சியங்கள் இன்றும் நிற்கின்றன. மேலே நெல்லைக் கொட்டிக் கீழே எடுக்கும் முறை. பொருள் ஒன்று, உடைமை ஒருவருக்கு. அட்டைக்குத் தேவையே எழவில்லை. இத்தகைய களஞ்சியத்தில் பழைய நெல்தான் முதலில் வெளியே வரும் என்று பலரும் நம்புகிறார்கள். உண்மை வேறு. அடிப்பகுதி தட்டையாக இருந்தால், கீழ் வாயைத் திறந்ததும் நடுவில் குழி விழுந்து மேலே கிடக்கும் புது நெல்தான் முதலில் சரியும். ஓரத்தில் ஒட்டிய பழையது கடைசிவரை நிற்கும். பழையது முதலில் போக வேண்டும் என்ற ஒழுங்கு இத்தகைய களஞ்சியத்தில் தானாக அமைவதில்லை.

மூட்டை அடுக்கும் கிடங்கிலும் இதே சிக்கல்தான். ஐம்பது கிலோ சிப்பங்களை மரச்சட்டத்தின் மேல் அட்டி போடும்போது, அதாவது அடுக்கும்போது, கடைசியாக ஏற்றியது உச்சியில் இருக்கும், அதைத்தான் முதலில் இறக்கவும் முடியும். இந்தப் போக்கைத் தடுப்பது ஓர் அட்டை. நெஞ்சு உயரத்தில், சணல் கயிற்றில், அட்டிக்கு ஒன்றாகத் தொங்கும். வந்த தேதி, சிப்பங்களின் எண்ணிக்கை, எடுத்தது, மீதி, மருந்து அடித்த நாள் என்று கட்டம் கட்டமாக எழுதப்பட்டிருக்கும். தரையில் அட்டியின் எல்லையைக் காட்டும் வெள்ளைக் கோடு. இவை இரண்டும் ஒழுங்காக இருந்தால், நேற்று வேலைக்கு வந்தவர்கூட எந்த அட்டியை முதலில் பிரிக்க வேண்டும் என்று அறிந்துகொள்வார். பொறுப்பாளர் விடுப்பில் போனாலும் கிடங்கு ஓடும். இந்த முறையின் பெரும்பலம் இதுதான்: ஒருவர் மனத்தில் மட்டும் இருந்த கணக்கு எல்லோர் கண்ணுக்கும் வந்துவிடுகிறது.

உயிரைக் காக்கும் பலகையும் உண்டு. வண்டு விழுந்த அட்டியைத் தார்ப்பாய் போட்டு மூடி, ஓரங்களில் மணல் பைகளைப் பாம்பு போல நெருக்கி வைத்து, உள்ளே அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளை வைப்பார்கள். மூன்று கிராம் மாத்திரை காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து பாஸ்பீன் என்ற நச்சு வாயுவை விடும். வாசனையை நம்பி அதைக் கண்டுகொள்ள முடியாது. மண்டையோடு வரைந்த பலகை ஒன்றுதான் உள்ளே நுழைபவருக்கும் மரணத்துக்கும் இடையே நிற்பது.

குறையும் இங்கேதான் தொடங்குகிறது. வாயு வெளியேறி, அட்டி பாதி பிரிக்கப்பட்ட பிறகும் அந்தப் பலகை அங்கேயே கிடந்தால் என்ன ஆகும்? அதைத் தாண்டிப் போய்ப் பழகியவர், நிஜமாகவே மருந்து வைத்த நாளிலும் தாண்டிப் போவார். அட்டையின் கதியும் இதேதான். மாட்டுவதற்கு ஆள் இருக்கிறது, கழற்றுவதற்கு இல்லை. காலியான இடத்தில் தொங்கும் பழைய அட்டை வெறும் குப்பை இல்லை, அது பொய்த் தகவல். அட்டையே இல்லாத இடத்தில் மூட்டையைப் பிரித்துப் பார்ப்போம். தவறான அட்டை இருந்தால் பார்க்காமலே நம்பிவிடுவோம்.

காந்தி மார்க்கெட் மண்டிச் சரக்கில் இந்தக் குறை குறைவு. அங்கே மூட்டையின் பக்கவாட்டில் மையால் இரண்டு எழுத்து, ஓர் எண், அவ்வளவுதான். சுமையோடு குனிந்து வருகிறவர் கண்ணுக்கும் அது தெரியும். அந்த மார்க்கு மாறினால் சரக்கு வேறு கடைக்குப் போய்விடும், பணம் போய்விடும். எழுதுகிறவரின் நஷ்டத்தோடு பிணைந்திருப்பதால் அது பொய் சொல்வதில்லை. தனியார் கிடங்குகளில் வரும் பார்கோடு வேகமானது, துல்லியமானது. ஆனால் கருவி கையில் இல்லாத லோடுமேனுக்கு அது வெறும் கறுப்புக் கோடுகள். பக்கத்தில் பெரிய எண்ணும் ஒரு நிறப்பட்டையும் சேர்க்காமல் அதை மட்டும் நம்புவது, சுமக்கிறவரைக் கணக்கிலேயே எடுக்காத வடிவமைப்பு.

இந்த முறையின் ஆழமான ஓட்டையைச் செறிவூட்டிய அரிசி காட்டியது. தமிழ்நாட்டில் 2020ஆம் ஆண்டு இந்த அரிசியை வழங்கும் திட்டத்துக்கு முன்னோடி மாவட்டமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது திருச்சிராப்பள்ளி. இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்துச் செய்த செயற்கை அரிசிமணி, நூறுக்கு ஒன்று என்ற அளவில் சாதாரண அரிசியோடு கலக்கப்பட்டது. 2018ஆம் ஆண்டின் விதிமுறைப்படி, இரும்பு சேர்த்த உணவின் உறையில் தலசீமியா, அரிவாள் செல் ரத்தசோகை உள்ளவர்களுக்கான எச்சரிக்கை இருந்தாக வேண்டியிருந்தது. அந்த விதி மூட்டையோடு நின்றுவிட்டது. ரேஷன் கடையில் சாக்கைப் பிரித்துத் தராசில் கொட்டி, வாங்குபவரின் பையில் போட்டார்கள். எச்சரிக்கை சாக்கில் தங்கிவிட்டது, அரிசி வீட்டுக்குப் போனது. 2024இல் ஒன்றிய அரசு, தீங்குக்கு அறிவியல் சான்று இல்லை என்று கூறி அந்த வாசகத்தையே நீக்கியது. மருத்துவ விவாதம் எப்படி முடிந்தாலும், அத்தனை ஆண்டுகள் நடைமுறையில் இருந்த ஓர் எச்சரிக்கை யாருக்காக எழுதப்பட்டதோ அவர்கள் பார்க்க முடியாத இடத்தில்தான் இருந்தது. தட்டில் வேறு நிறத்தில் தெரிந்த மணியைப் பிளாஸ்டிக் அரிசி என்று பயந்தவர்களையும் அறியாதவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சாக்கிடம் சொல்லியிருந்தோம்.

ஆகவே இந்த முறை வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. அட்டை வேண்டும், கோடு வேண்டும், மண்டையோட்டுப் பலகை கட்டாயம் வேண்டும். ஒவ்வொன்றையும் மாட்டியவர் யார் என்பதோடு, கழற்ற வேண்டியவர் யார், எந்தத் தேதியில் என்பதும் அதிலேயே எழுதப்பட வேண்டும். ரேஷன் கடையில் தராசுக்குப் பக்கத்தில், தமிழில், தூரத்திலிருந்தே படிக்க முடிகிற எழுத்தில் அரிசியின் விவரம் இருக்க வேண்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: புதிய பலகைகள் எத்தனை என்று கேட்காதீர்கள். ஏதாவது ஓர் அட்டியைக் காட்டி, அட்டையில் உள்ள எண்ணிக்கையை மூட்டைகளோடு ஒப்பிட்டு எண்ணச் சொல்லுங்கள்.