வசனத்தை அடித்துவிட்டுப் படியுங்கள்

குறும்படம் எடுக்க வரும் மாணவர்களின் திரைக்கதையில் வசனம்தான் நிறைய. அவர்களுக்கு நான் போட்டுக் காட்டுவது ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியரோஸ்தமியின் முதல் படமான 'ரொட்டியும் சந்தும்' (1970). பத்து நிமிடம்தான், வசனம் இல்லை என்றே சொல்லலாம்.

ரொட்டியோடு வீடு திரும்பும் சிறுவனைச் சந்தில் ஒரு நாய் மறிக்கிறது. பயமாக இருக்கு என்று அவன் சொல்வதில்லை, காத்து நிற்கிறான். துணையாக நினைத்த பெரியவரும் பாதியில் திரும்பிவிடுகிறார். காத்திருப்பு கொஞ்சம் நீளம்தான். வெட்டினால் பயமும் போயிடும். ரொட்டித் துண்டைப் போட்டதும் நாய் கூடவே வருகிறது. நம்ம பிள்ளைகள் இங்கேயே 'அன்பே வெல்லும்' என்று முடித்திருப்பார்கள். படத்திலோ வீட்டுக் கதவு சாத்தப்படுகிறது, நாய் வெளியே. அடுத்து இன்னொரு சிறுவன், கையில் கிண்ணத்தோடு.

மாணவர்களே, உங்கள் திரைக்கதையில் வசனத்தை அடித்துவிட்டுப் படிச்சுப் பாருங்க. புரியாத காட்சியை முதலில் திருத்துங்க.