'பீ' படமும் டாலர் சிட்டியும்

நகரத்தைப் படமெடுக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஒரு மாடிவீடு, ஒரு குடிசை என்று மாத்தி மாத்தி ஒட்டினால் 'முரண்களின் நகரம்' ரெடி. ஆப்பிரிக்க நகரங்களை ஐரோப்பியக் கேமராக்கள் இப்படி எத்தனையோ முறை காட்டியிருக்கின்றன. திருப்பூர் என்றால் ஏற்றுமதி கன்டெய்னர், பக்கத்திலேயே சாயம் ஓடிய நொய்யல். பார்க்கிறவர் உச்சுக்கொட்டிவிட்டு எழுந்து போவார். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சாதி மட்டும் படத்தில் விழாது.

ஆர்.பி.அமுதன் 2003இல் மதுரையில் எடுத்த 'பீ' ஆவணப்படத்தில் இந்த ஒட்டுவேலை கிடையாது. கோயிலை ஒட்டிய ஒரு தெரு. ஊரார் இருந்துவிட்டுப் போன மலம். துப்புரவுத் தொழிலாளியான ஒரு அம்மா அதன்மேல் சாம்பலைத் தூவுகிறார், வாருகிறார், அள்ளுகிறார், பேசிக்கொண்டே அடுத்ததற்கு நகர்கிறார். கேமராவும் கூடவே நடக்கிறது. கோயிலும் பீயும் ஒரே தெருவில் இருக்கும்போது முரணைத் தேடி வேறெங்கே போவது? கையால் மலம் அள்ள ஆள் வைப்பதைத் தடுக்கும் சட்டம் 1993லேயே வந்தாச்சு. ஆனால் அது உலர் கழிப்பறையைத்தான் பார்த்தது. தெருவில் கிடப்பதை அள்ளினால் அது 'துப்புரவுப் பணி'. திறந்த சாக்கடையும் தண்டவாளமும் சட்டத்தின் கண்ணில் பட 2013 வரை ஆனது.

படம் பார்த்தால் குமட்டுகிறது என்பார்கள். யாருக்கு? நம்ம சனத்துக்கு இந்த நாத்தம் புதுச் செய்தியா என்ன? மூக்கைப் பொத்துகிறவர்களுக்காக எடுத்த படம் இது. அதில் தப்பில்லை. ஆனால் ஒரே ஒரு அம்மாவைக் காட்டும்போது, 'ஐயோ பாவம்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள ஒரு சந்து கிடைத்துவிடுகிறது. 2017இல் வந்த திவ்யபாரதியின் 'கக்கூஸ்' அந்தச் சந்தை அடைத்தது. ஊர் ஊராகப் போனது, செத்தவர்களின் குடும்பங்களைப் பேசவைத்தது, சாதியைப் பேர் சொல்லிக் கேட்டது. பல இடங்களில் போலீஸ் திரையிட அனுமதி மறுத்ததில் ஆச்சரியமில்லை.

2025 மே மாதம் பல்லடம் பக்கம் கரைப்புதூரில், ஒரு சாய ஆலையின் கழிவுத்தொட்டிக்குள் இறங்கிய தலித் தொழிலாளர்கள் மூன்று பேர் விஷவாயுவில் செத்தார்கள். சாக்கடைச் சாவுக்கு 30 லட்சம் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023லேயே சொல்லியிருந்தது. தொகைதான் ஏறுகிறது, தொட்டிக்குள் ஆள் இறங்குவது நிற்கவில்லை. திருப்பூருக்குக் கேமராவோடு வருகிறவர்கள் கன்டெய்னரை விட்டுவிட்டு அந்தத் தொட்டி மூடியிலிருந்து ஆரம்பிக்கட்டும். இறங்கச் சொன்னது யாரு, கூலி என்ன பேசினாங்க, ஆலை ஆபீஸ் நாற்காலியில் செத்தவங்க தெருக்காரர் ஒருத்தராவது உட்கார்ந்திருக்காரா?