என் வியர்வைக்கு யார் உரை எழுதுவது?

எம்.ஏ. தமிழ் படித்தபோது தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாம் இயலான மெய்ப்பாட்டியல் எங்களுக்குப் பாடம். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டையும் மனப்பாடம் செய்து மார்க் வாங்கினேன். உள்ளத்தில் எழுகிற உணர்வு உடம்பின் வழியாகப் பிறருக்குத் தெரிய வருவது மெய்ப்பாடு. வியர்த்தால், நடுங்கினால், மயிர் சிலிர்த்தால் பார்க்கிறவருக்கு உள்ளே இருப்பது புரிந்துவிடும். அந்தப் பார்க்கிறவர் யார், எந்தத் தெருவில் இருந்து பார்க்கிறார் என்ற கேள்வியை வகுப்பில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அதே வகுப்பில் ஒருநாள் நின்றபடி கட்டுரை வாசித்தேன். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. நெஞ்சு படபடவென்று அடித்தது, உள்ளங்கை வேர்த்தது, கண் இருட்டி விழுந்தேன். தெளிந்தபோது உரை தயாராக இருந்தது: 'கோட்டாவுல வந்த பொண்ணு, சபையில நின்னு பழக்கமில்ல, பயந்துட்டா.' எட்டில் ஒன்றான அச்சம் என் தலையில் எழுதப்பட்டது.

ஊரில் வேறு உரையாசிரியர்கள். களை எடுத்து நிமிரும்போது விழுந்தால் நிலக்காரருக்கு அது 'ஒடம்பு வணங்காத நடிப்பு'. எங்கம்மாவுக்குப் புளியமரத்துப் பேய். வேப்பிலை அடி வாங்கினேன். தெருப் பெண்கள் 'எத்தினி மாசம்?' என்று கேட்டார்கள். அது சினிமா கற்றுக்கொடுத்த உரை. ஆஸ்பத்திரியில் சத்து மாத்திரை கொடுத்து 'டென்ஷன், கல்யாணம் பண்ணி வைங்க' என்றார்கள். படுக்கவைத்துப் பார்த்தார்கள், உட்காரவைத்துப் பார்த்தார்கள். நிற்கவைத்து ஒருவரும் நாடி பிடிக்கவில்லை.

12 வருஷம் கழித்து ஒரு டாக்டர் பிடித்தார். படுத்திருந்தபோது 74. நிற்கச் சொல்லி எட்டாவது நிமிஷம் எண்ணினார்: 122. ரத்த அழுத்தம் இறங்கவில்லை. மற்ற காரணங்களையும் சோதித்து விலக்கிய பிறகு 'போட்ஸ்' என்றார். 1993ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் ஷாண்டார்ஃபும் லோவும் இந்தப் பெயரில் விவரித்த நோய் இது. நின்ற 10 நிமிஷத்துக்குள் பெரியவர்களுக்குத் துடிப்பு 30 அல்லது அதற்கு மேல் கூடும்.

எழுந்து நின்றதும் எல்லாருக்குமே அரை லிட்டருக்கு மேல் ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்குகிறது. நம்மைக் கேட்காமலே ரத்தக் குழாய்களைச் சுருக்கி அதைச் சரிசெய்வது தன்னியக்க நரம்பு மண்டலம். 1898ல் லாங்லி என்ற ஆங்கிலேய அறிஞர் பெயர் வைத்தது. எனக்கு அந்தச் சுருக்கம் போதவில்லை. இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கிறது. வியர்வைக்கும் மயிர்சிலிர்ப்புக்கும் அதே நரம்புகள்தான் பொறுப்பு. ஆக, அச்சமே இல்லாமல் அச்சத்தின் மெய்ப்பாடு அத்தனையும் என் உடம்பில் வரும். இதற்கு மெய்ப்பாட்டியலில் சூத்திரம் இல்லை.

சங்கப் புலவர்களுக்குத் தவறான வாசிப்பு என்றால் என்னவென்று தெரியாமலில்லை. வெறியாட்டுப் பாடல்களில் மகள் மெலிகிறாள். தாய் வேலனைக் கூப்பிடுகிறாள். வேலன் முருகன் மேல் பழி போடுகிறான். கேட்கிற நாம் சிரிக்கிறோம். ஆனால் புலவரிடமும் ஓர் உரை தயாராக இருக்கிறது: காதல். உடம்பு சரியில்லாமல் மெலிந்த பெண் அந்தத் திணையில் இல்லை.

நம் எழுத்து மட்டும் யோக்கியமா? வரப்பில் மயங்கி விழுகிற ஒரு பெண்ணை நான் கதையாக எழுதினேன். பசியால் விழுந்தாள் என்று எழுதினேன். தோழர்கள் பாராட்டினார்கள். அவள் என் சின்னம்மா. நோய் தெரிந்த பிறகுதான் அவளிடம் கேட்டேன். 'பசியெல்லாம் இல்லடி. கூழு குடிச்சிட்டுதான் போனேன். குனிஞ்சு நிமிந்தா இருட்டிக்கும், சின்ன வயசுலேர்ந்தே' என்றாள். பசி எங்கள் தெருவில் பொய்யில்லை. ஆனால் அவளைக் கேட்காமல் அவள் உடம்புக்கு உரை எழுதியதில் எனக்கும் நிலக்காரருக்கும் என்ன வித்தியாசம்? அவளுக்கு என்ன நோய் என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை. அடுத்த மாதம் கூட்டிப்போகிறேன்.

நான் இப்போது டாக்டர் சொன்ன அளவுக்கு உப்புப் போட்ட நீராகாரமும் தண்ணீரும் குடிக்கிறேன். (ரத்தக் கொதிப்போ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் இதைச் செய்யக்கூடாது.) கால்களுக்கு இறுக்கமான உறை. எழுவதற்கு முன் கெண்டைக்காலை இறுக்கி இறுக்கி விடுகிறேன். ஆர்ப்பாட்டத்தில் தரையில் உட்கார்ந்துதான் கோஷம் போடுகிறேன். 'ஒக்காந்துகிட்டே புரட்சியா?' என்று ஒரு தோழர் கேலி செய்தார். கூலி வாங்கப் போன வாசலில் எங்களை ஒருநாளும் உட்காரச் சொன்னதில்லை தோழரே. நிற்கும்போது மட்டும் வெளிப்படுகிற நோய், யாரை முதலில் காட்டிக்கொடுக்கும் என்று யோசியுங்கள்.

அடுத்த கூட்டத்தில் நாற்காலி போட்டு வையுங்கள். ஏன் என்று கேட்டால் சொல்கிறேன். கேட்காமல் மட்டும் எழுதிவிடாதீர்கள்.