கட்-ஆஃப் கேட்காத கல்லூரி

கலிஃபோர்னியாவில் உனக்கு மிகவும் பிடித்த இடம் எது என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் கேட்டால் நான் கோல்டன் கேட் பாலத்தைச் சொல்வதில்லை. கூப்பர்டினோவில், ஸ்டீவன்ஸ் க்ரீக் சாலையில், 85ஆம் நெடுஞ்சாலையை ஒட்டி டி அன்சா கல்லூரி இருக்கிறது. அதைத்தான் சொல்வேன். 23ஆம் எண் பஸ் அங்கேயே கொண்டுபோய் விடும். உள்ளே போய் ஏதாவது ஒரு பெஞ்சில் அரைமணி நேரம் உட்காருங்கள், போகிறவர் வருகிறவரைப் பாருங்கள் என்று சிலரை அனுப்பியும் வைத்திருக்கிறேன்.

அது ஒரு கம்யூனிட்டி காலேஜ். பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளையும், தொழிற்சான்றிதழ் படிப்புகளையும் தருகிற அரசுக் கல்லூரி. சேருவதற்கு மதிப்பெண் வேண்டாம், நுழைவுத் தேர்வு வேண்டாம், சிபாரிசுக் கடிதம் வேண்டாம். பள்ளிப்படிப்பை முடித்திருந்தால் போதும். முடிக்காதவராக இருந்தாலும், பதினெட்டு வயது நிறைந்து, படித்துப் பயன்பெறக் கூடியவர் என்றால் இடம் உண்டு. மார்க் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கட்-ஆஃப் எவ்வளவு, எந்தச் சுற்றில் கவுன்சிலிங் என்று வியர்த்து நின்ற நமக்கு இது நம்பவே முடியாத சங்கதி. நான் மதுரைப் பக்கம் பி.ஏ. வரலாறு படித்தவள். திருமணமாகி, கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் சன்னிவேலுக்கு வந்தேன். புள்ளியியல் படிக்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது. பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டுவிட்டவள் அப்படிச் சொன்னால் எந்தக் கல்லூரியில் வாசலில் நிற்க விடுவார்கள்? இங்கே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்.

இந்தத் தாராளம் தற்செயலாக வந்ததல்ல. இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1901இல் தொடங்கிய ஜூனியர் கல்லூரியிலிருந்து இந்த மரபு வருகிறது. கலிஃபோர்னியாவில் முதலில் ஃப்ரெஸ்னோவில் 1910இல் வந்தது. 1960இல் கிளார்க் கெர் தலைமையேற்றுச் செதுக்கிய உயர்கல்விப் பெருந்திட்டம் இதற்கு முறையான இடம் கொடுத்தது. பள்ளி முடிக்கிறவர்களில் மேலே உள்ள எட்டில் ஒரு பங்கினருக்கு கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம், அதாவது யு.சி.; மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலப் பல்கலைக்கழகம்; மற்ற அத்தனை பேருக்கும் கம்யூனிட்டி காலேஜ். அங்கே இரண்டு ஆண்டு படித்தவர் மூன்றாம் ஆண்டில் அந்தப் பெரிய பல்கலைக்கழகங்களுக்கு மாறிக்கொள்ளலாம் என்பதையும் திட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். 1984 வரை உள்ளூர் மாணவர்களிடம் பாடக் கட்டணமே வாங்கவில்லை! இன்று மாநிலம் முழுக்க 116 கல்லூரிகள். படிக்கிறவர்கள் ஏறத்தாழ இருபது லட்சம் பேர்.

இப்போதும் கட்டணம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. பாடத்தின் அளவை இங்கே யூனிட் என்று கணக்கிடுகிறார்கள். செமஸ்டர் முறைக் கல்லூரிகளில் மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். 2012இலிருந்து அதே தொகைதான். டி அன்சாவில் க்வார்ட்டர் முறை என்பதால் யூனிட்டுக்கு 31 டாலர். என் புள்ளியியல் பாடம் ஐந்து யூனிட். 155 டாலரும் சில்லறைக் கட்டணங்களும். ஆண்டு முழுக்க முழுநேரமாகப் படித்தாலும் 1,400 டாலருக்குள் பாடக் கட்டணம் அடங்கிவிடும். அதே பாடங்களை யு.சி.யில் படித்தால் ஆண்டுக்கு 14,000 டாலருக்கு மேல். வருமானம் குறைந்த மாநிலவாசிகளுக்கு இந்தச் சிறு தொகையையும் தள்ளுபடி செய்யும் உதவித் திட்டம் இருக்கிறது. புத்தகச் செலவே இல்லாத பாடங்களை வகுப்பு அட்டவணையில் தனியாகக் குறித்தும் வைக்கிறார்கள். எனக்கு அது பெரிய வரம்.

மாநிலவாசி என்ற சொல்லை நம்மவர்கள் கவனிக்க வேண்டும். ஓராண்டுக்கு மேல் கலிஃபோர்னியாவில் வாழ்ந்து, இங்கேயே இருக்கும் எண்ணத்தையும் வாடகை ஒப்பந்தம், வரித்தாள், ஓட்டுநர் உரிமம் இவற்றால் காட்ட வேண்டும். எச்-4 விசாவில் இருப்பவர்களும் இப்படி மாநிலவாசி ஆகலாம். வேலை செய்ய அனுமதி இல்லாத எச்-4 பெண்களுக்கும் படிக்கத் தடை கிடையாது. இதைச் சொல்லும்போது எத்தனை முகங்கள் மலர்வதைப் பார்த்திருக்கிறேன்! ஆனால் அமெரிக்க மத்திய அரசின் கல்வி உதவித்தொகை எச்-4காரர்களுக்குக் கிடையாது; அது குடிமக்களுக்கும் க்ரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் வேறு சில வகையினருக்கும் உரியது. பேரக்குழந்தையைப் பார்க்க விசிட்டர் விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மா, ஆசையிருந்தாலும், பதிவுசெய்து படிக்க முடியாது.

வகுப்பறையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது. என் இடப்பக்கம், பள்ளியில் படித்துக்கொண்டே கல்லூரிப் பாடமும் எடுத்த பதினாறு வயதுப் பையன். வலப்பக்கம், ராணுவத்திலிருந்து திரும்பி வந்து நர்ஸிங்குக்குத் தயாரான ஒருவர். முன்வரிசையில் ஒரு வியட்நாமியப் பாட்டி. வீட்டுப்பாடத்தை அச்சடித்த மாதிரி எழுதி வருவார். பின்வரிசையில் இரவு ஷிப்ட் முடிந்து நேராக வந்துவிடும் பெண். நாற்பது பேரில் ஒருவருக்கொருவர் வயதும் ஊரும் பொருந்தாது. ஆனால் பரீட்சைக்கு முந்தின நாள் நூலக மேசையில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அந்தப் பாட்டிதான் எனக்கு நார்மல் பரவலைப் புரியவைத்தார். ஓர் உணவகத்தில் பண்டிகைக் கூட்டம் எப்படி ஏறி இறங்கும் என்று தாளில் வரைந்து காட்டினார்.

ஆசிரியர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். கம்யூனிட்டி காலேஜ் ஆசிரியரின் வேலை பாடம் நடத்துவது. ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினால்தான் பதவி உயர்வு என்ற நெருக்கடி இல்லை. பெரிய பல்கலைக்கழகத்தில் முதலாண்டுப் பாடம் நூற்றுக்கணக்கான பேர் உட்காரும் மண்டபத்தில் நடக்கும். சந்தேகம் கேட்க ஆராய்ச்சி மாணவரிடம் போக வேண்டும். இங்கே நடத்துகிறவரே திருத்துகிறார், அவரே உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். 'ஆஃபீஸ் அவர்ஸ்' என்று வாரத்தில் சில மணி நேரம் அறைக்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். போங்கள், தயங்காமல் போங்கள். ஆசிரியர் அறை என்றால் திட்டு வாங்கப் போகும் இடம் என்று வளர்ந்தவர்களுக்கு முதல் தடவை கால் கூசும். எனக்கும் கூசியது. உள்ளே போனேன், அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உங்களுக்கு எது வரை புரிந்தது என்று சொல்லுங்கள், அங்கிருந்து நடப்போம்" என்றார். என் வாழ்நாளில் எந்த ஆசிரியரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

எங்கள் குடியிருப்பில் ஈரோட்டுப் பெண் ஒருத்தி. "அக்கா, வேற எங்கயும் இடம் கிடைக்காதவங்கதானே அங்க போவாங்க?" என்று கேட்டாள்.

"ஆப்பிள் கம்பெனி வோஸ்னியாக் அங்கதாம்மா ஒரு வருஷம் படிச்சார்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். ஆனால் நான் சொன்னது உண்மை. நடிகர் டாம் ஹாங்க்ஸ் ஹேவர்டில் உள்ள சாபோ கல்லூரியில் படித்தவர். தன் வாழ்வுக்கு அந்தக் கல்லூரியே காரணம் என்று 2015இல் நியூயார்க் டைம்ஸில் கட்டுரையே எழுதினார். 1984 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேக்கின்டாஷ் கணினியை உலகுக்குக் காட்டியது டி அன்சா வளாகத்தில் இருந்த ஃப்ளிண்ட் சென்டர் அரங்கில். அரங்கை 2019இல் மூடிவிட்டார்கள். ஆனால் வளாகத்தில் கோளரங்கம் இருக்கிறது! அங்கே சாய்ந்து உட்கார்ந்து மேலே பார்த்த முதல் மாலை, ஊரில் மொட்டைமாடியில் பாய் விரித்துப் பார்த்த விண்மீன்களெல்லாம் பெயரோடு வந்து நின்றன.

வாசல் திறந்திருக்கிறது என்பதால் உள்ளே எல்லாம் சுலபம் என்று நினைத்துவிடக் கூடாது. க்வார்ட்டர் என்பது பன்னிரண்டு வாரம். மூன்றாம் வாரமே முதல் தேர்வு வந்து நிற்கும். ஐந்து யூனிட் பாடத்துக்கு வகுப்பு ஐந்து மணி நேரம் என்றால் வீட்டில் பத்து மணி நேரம் வேண்டும். சிலபஸ் என்று முதல் நாள் தரும் தாள்களை வரிவரியாகப் படியுங்கள். எந்தத் தேர்வுக்கு எத்தனை சதவீதம், தாமதமானால் என்ன ஆகும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். எடுத்த பாடம் ஒத்துவரவில்லையென்றால் முதல் இரண்டு வாரத்துக்குள் விலகினால் பதிவேட்டில் தடம் இருக்காது, அதற்குப் பிறகு விலகினால் 'டபிள்யூ' என்று விழும். நர்ஸிங் மாதிரிப் படிப்புகளுக்குத் தனி விண்ணப்பமும் முன்பாடங்களும் உண்டு. உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் முடித்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் திரும்ப முடியும்.

இடம் நிரம்பிய வகுப்பைக் கண்டு மனம் தளர வேண்டாம். வெயிட்லிஸ்டில் பெயர் கொடுங்கள், முதல் நாள் வகுப்புக்கு நேரில் போய் உட்காருங்கள். வராதவர்களின் இடம் காலியாகும். வகுப்பில் சேர்ந்துகொள்ள ஆசிரியர் 'ஆட் கோட்' தருவார். புதிதாகச் சேருகிறவர்கள் அறிமுக வகுப்பையும் கவுன்சிலரோடு படிப்புத் திட்டத்தையும் முடித்துவிட்டால் முன்னதாகப் பதிவுசெய்யும் தேதி கிடைக்கும். முன்பெல்லாம் சேர்ந்தவுடன் ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் தேர்வு வைத்து, பலரை அடிப்படைப் பாடங்களுக்குத் தள்ளிவிடுவார்கள். 2017இல் வந்த சட்டம் அதை மாற்றியது. இப்போது பெரும்பாலோர் நேராகக் கல்லூரிப் பாடத்திலேயே உட்காரலாம். கூடவே துணை வகுப்பு தருகிறார்கள். டியூட்டரிங் மையத்தில் இலவசமாகச் சொல்லித் தருகிறார்கள்.

பள்ளியில் படிக்கும் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோரிடம் நான் மூச்சு விடாமல் பேசுவது டிரான்ஸ்ஃபர் பற்றித்தான். கம்யூனிட்டி காலேஜிலிருந்து டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா க்ரூஸ் ஆகிய ஆறு யு.சி. வளாகங்களில் ஒன்றுக்கு முன்கூட்டியே உறுதியான இடம் வாங்க முடியும். 'டேக்' என்பார்கள். குறிப்பிட்ட பாடங்களும் மதிப்பெண் சராசரியும் இருப்பவர்கள் செப்டம்பரில் விண்ணப்பிக்க வேண்டும். பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலீஸும் சான் டியாகோவும் இந்த உறுதி தருவதில்லை. ஆனாலும் அங்கே டிரான்ஸ்ஃபர் மாணவர்கள் ஆயிரக்கணக்கில் போகிறார்கள். மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு 2010இல் வந்த சட்டத்தின்படி அசோசியேட் என்ற தனி இரண்டாண்டுப் பட்டம் இருக்கிறது, அதை முடித்தவருக்கு ஏதாவது ஒரு வளாகத்தில் இடம் நிச்சயம். எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் எதற்கு ஈடு என்பதை 'அசிஸ்ட்' என்ற அரசுத் தளத்தில் எவரும் பார்க்கலாம். கவுன்சிலரைப் பார்க்கப் போகுமுன் அதைப் பார்த்துக் குறிப்பு எடுத்துக்கொண்டு போனால், அந்த அரைமணி நேரம் முழுவதும் பயன்படும். பெர்க்லியில் முடிக்கும் டிரான்ஸ்ஃபர் மாணவருக்கும், முதலாண்டே பெர்க்லியில் சேர்ந்தவருக்கும் கிடைப்பது ஒரே பட்டம். கம்யூனிட்டி காலேஜ் வழியாக வந்தவர் என்று அதில் ஒரு வரியும் இருக்காது.

இந்தியாவில் பட்டம் வாங்கியவர்கள், தங்கள் சான்றிதழ்களை அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து யூனிட் கணக்காக மாற்றிக்கொண்டால் சில பாடங்களைத் திரும்பப் படிக்க வேண்டியிருக்காது. என் வரலாற்றுப் பாடங்களில் சில அப்படி உயிர் பெற்றன. ஆங்கிலம் தடுமாறுகிறவர்களுக்குக் கட்டணமே இல்லாத பேச்சு, எழுத்து வகுப்புகளைப் பல கல்லூரிகள் நடத்துகின்றன, அங்கிருந்தே தொடங்கலாம்.

ஈரோட்டுப் பெண் இப்போது அக்கவுண்டிங் படிக்கிறாள். நான் புள்ளியியலை முடித்து அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். நீங்களும் சேருங்கள் சகோதரிகளே, அண்ணன்மார்களே. வயதையும் மார்க்கையும் எண்ணி வீட்டில் உட்கார வேண்டாம். விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. இணையத்தில் படிவத்தை நிரப்ப அரைமணி நேரம் பிடிக்கும். டி அன்சாவில் இலையுதிர்காலக் க்வார்ட்டர் செப்டம்பர் கடைசியில் தொடங்குகிறது.